தட்டினால் கையை எடு

பறக்கக் கற்றுக்கொடுத்த கேப்டன் எழுதிக் கொடுத்திருந்த விபத்து அறிக்கையில் மற்றதையெல்லாம் அவளால் ஒத்துக்கொள்ள முடிந்தது. பக்கவாட்டுக் காற்று பலமாக அடித்தது என்று இருந்தது. அடித்தது, இல்லையென்று யார் சொன்னது. சின்ன விமானம் ஓடுபாதையின் ஓரத்தில் கோணலாக இறங்கி, வலது இறக்கை தரையில் இடித்து, புல்லுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது என்று இருந்தது. அதுவும் நடந்ததுதான், அதற்குச் சாட்சியாக அவள் நெற்றியில் தையல் இருக்கிறது. ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தார் பாருங்கள்: "தரையைத் தொடும் நேரத்தில் பயிற்சி பெறுபவர் பயத்தில் கையை விட்டுவிட்டார்." அந்தப் 'பயத்தில்' என்ற வார்த்தையைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

பயமாம். சொல்கிறவருக்கு ஒரு வெட்கம் வேண்டாமா? ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருஷக்கணக்காக ஆம்புலன்ஸ் ஓட்டியவள் அவள். கொட்டுகிற மழையில், கடைகள் அடைத்துக்கொண்டு நிற்கிற தெருவில், பின்னால் ஒரு பெண் பிரசவ வலியில் கத்த, அந்தப் பெண்ணின் அம்மா அதைவிடப் பெரிதாகக் கத்த, பக்கத்துக் கண்ணாடிகூட உரசாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவள். விமானக் கழகத்தில் எல்லாருக்கும் அவள் ஆம்புலன்ஸ் அக்கா. அவளைவிட வயதில் பெரியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரிதான் இப்போது தூரத்து ஊர்களிலிருந்து நோயாளிகளைக் கொண்டுவர ஒரு சின்ன விமானம் வாங்கப் போகிறது. "ரோட்டுல ஓட்டுறதை மேல ஓட்டுவியாம்மா?" என்று பெரிய டாக்டர் விளையாட்டாகத்தான் கேட்டார். இவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பதைத் தாண்டிய வயதில் கழகத்தில் சேர்ந்து, மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் படித்து, தனியாகப் பறந்து, கடைசித் தேர்வு ஒன்றுதான் பாக்கி என்ற இடத்துக்கு வந்துவிட்டாள். லைசென்ஸோடு வா, முதல் சீட் உனக்குத்தான் என்று டாக்டரும் வாக்குக் கொடுத்துவிட்டார். இப்போது விசாரணையில் இந்த அறிக்கை அப்படியே நின்றுவிட்டால் தேர்வும் கிடையாது, சீட்டும் கிடையாது. "பயத்துல கையை விடுற ஆளை நம்பி ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கறவங்களை யாரு அனுப்புவா? நானே அனுப்ப மாட்டேனே," என்று அவளே தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவள் கையை விட்டது உண்மை. ஏன் விட்டாள் என்பது கழகத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு ஈ காக்கைகூட வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சின்ன விமானத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட். இடது பக்கம் கற்றுக்கொள்கிறவர், வலது பக்கம் கற்றுக்கொடுக்கிறவர். ஆளுக்கு ஒரு ஸ்டிக், காலடியில் ஆளுக்கு ஒரு ஜோடி பெடல். எதைப் பிடித்தாலும் விமானம் திரும்பும். யார் ஓட்டுவது என்பதில் குழப்பம் வந்துவிடக் கூடாது என்று உலகம் பூராவும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர் 'கண்ட்ரோல் என்கிட்ட' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கொடுக்கிறவர் 'கண்ட்ரோல் உங்ககிட்ட' என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம் இது.

ஆனால் கேப்டனுக்கு அது பிடிக்காது. அவர் பறக்கக் கற்ற காலத்து விமானங்களில் இரைச்சலில் ஒன்றும் கேட்காதாம், தோளில் தட்டினால் கையை எடு என்றுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்களாம். இருக்கட்டும். அந்த விமானங்கள் போய், காதில் ஹெட்செட் வந்து, பக்கத்து ஆள் மூச்சு விடுவதுகூடக் கேட்கிற காலம் வந்தாகிவிட்டது. கேப்டன் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார். இடது கையை மாணவரின் சீட் முதுகின் மேல் நீட்டி வைத்துக்கொள்வார், வீட்டு சோபாவில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி. அந்தக் கை தோளில் ஒரு தட்டுத் தட்டினால் கையையும் காலையும் உடனே எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் போச்சு, கீழே இறங்கியதும் கேன்டீனில் எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிடுவார். "வாயால சொல்லிக்கிட்டு இருக்கறதெல்லாம் வேலை தெரியாதவன் பண்றது," என்பார்.

கழகத்தில் அது ஒரு பெருமையாகவே ஆகிப்போயிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களைப் பார்த்து "தட்டு வாங்கியாச்சா?" என்று பழையவர்கள் கேலி செய்வார்கள். வெளியிலிருந்து தேர்வாளர் வருகிற நாளில் மட்டும் எல்லாரும் நல்ல பிள்ளைகளாகி வாய்விட்டுச் சொல்வார்கள், பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் வகுப்பு எப்படி இருக்குமோ அப்படி. அவருடைய கார் கேட்டைத் தாண்டியதும் பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் தட்டுதான். அவள் புருஷன் அங்கே இரண்டாவது பயிற்சியாளர். அவரும் கேப்டனிடம் கற்றவர், அவரும் தட்டித்தான் கற்றுக்கொடுத்தார். சொந்தப் பெண்டாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தால் வீட்டுச் சண்டை விமானத்திலும் நடக்கும் என்று அவளைக் கேப்டனிடமே ஒப்படைத்திருந்தார்.

அன்றைக்குக் காலையிலிருந்தே காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு நாள் பார்க்கலாமா என்று அவள் கேட்டதற்கு, "தேர்வு அன்னைக்குக் காத்து உன்கிட்ட உத்தரவு வாங்கிட்டா அடிக்கும்? வா," என்று கேப்டன்தான் கூட்டிக்கொண்டு போனார்.

இறங்கும்போது காற்று இடது பக்கத்திலிருந்து வந்தது. அவள் விமானத்தின் மூக்கைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு, நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து இறங்கினாள். அப்படித்தான் இறங்க வேண்டும். தரை நெருங்கியதும் இடது இறக்கையைத் தாழ்த்தி, வலது பெடலை மிதித்து மூக்கை நேராக்கினாள். அதுவும் சரி. அந்த நேரம் பார்த்து ஒரு காற்று விமானத்தைத் தூக்கி உலுக்கியது. உலுக்கிய உலுக்கலில், சீட் முதுகின் மேல் சொகுசாகக் கிடந்த கேப்டனின் கை நழுவி அவள் தோளில் விழுந்தது.

தட்டினால் எடு, யோசிக்காதே, எடு என்றுதானே அவளை மாசக்கணக்கில் பழக்கியிருந்தார்? அவள் எடுத்தாள். ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தாள், பெடலிலிருந்து காலை எடுத்தாள். கேப்டன் வாங்கிக்கொண்டார் என்று அவள் நினைத்தாள். அவள் ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்று கேப்டன் நினைத்தார். தரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், குறுக்குக் காற்றில், இரண்டு பைலட்டுகள் உட்கார்ந்திருக்க, அந்த விமானத்தை யாருமே ஓட்டவில்லை. காற்று அதைத் தன் இஷ்டத்துக்கு வலது பக்கம் தள்ளிக்கொண்டு போய்ப் போட்டது.

கேப்டனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் விட்டே?" என்பதுதான். நெற்றி ரத்தம் கண்ணில் இறங்க, "நீங்கதானே சார் தட்டினீங்க," என்றாள் அவள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அதன் பிறகு அவர் அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகப் போய் அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி மெதுவாகப் பேசுகிற மனிதர். ஓயாத ஜலதோஷம், கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. கழகத்தின் வகுப்பறையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் அவளை மறுபடி கூப்பிட்டு, "தட்டுற வழக்கம் இங்க இருக்குன்னு நீங்க ஒருத்தர்தாம்மா சொல்றீங்க," என்றார்.

"மத்தவங்க என்ன சொன்னாங்க?"

"கேப்டன் அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு சொல்றார். மாணவர்கள் ஞாபகம் இல்லைங்கறாங்க."

ஞாபகம் இல்லையாம். போன வாரம் வரைக்கும் தோளில் தட்டு வாங்கிய பல் டாக்டருக்கு ஞாபகம் இல்லை. முதல் தட்டு வாங்கிய நாளில் கேன்டீனுக்கே கேட்கும்படி கூவிய காலேஜ்காரிக்கு ஞாபகம் இல்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, அவர்கள் தேர்வுக்குப் போகக் கேப்டன் கையெழுத்துப் போட வேண்டும். ஆனாலும் அவளுக்கு ஆறவில்லை. கேன்டீனில் அவளைப் பார்த்ததும் பல் டாக்டர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் புருஷன் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "அதிகாரி உங்களையும் கூப்பிட்டாரா?"

"ம்."

"என்ன கேட்டார்?"

"கேட்டார், பொதுவா."

"தட்டுறதைப் பத்திக் கேட்டாரா இல்லையா?"

அவர் சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தார். "கேட்டார். விதிப்படிதான் சொல்லிக்குடுக்கறோம்னு சொன்னேன்."

கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் மடிப்பதை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார்.

"வாய் கூசலையா உங்களுக்கு?" என்றாள் அவள்.

"என்னை என்ன சொல்லச் சொல்றே? நானும் தட்டித்தான் கத்துக்குடுக்கறேன்னு சொன்னா என் வேலை என்ன ஆகும்? கழகத்தையே இழுத்து மூடிடுவாங்க." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரும்மா, கோவப்படாம கேளு. நீ அந்த அறிக்கையை ஒத்துக்கோ. கொஞ்ச நாள் போகட்டும். எல்லாம் ஆறினதும் நானே உனக்குத் திரும்ப ட்ரெயினிங் குடுத்து தேர்வுக்கு அனுப்பறேன்."

"பயந்துட்டேன்னு ஒத்துக்கணும்."

"ஒரு வார்த்தைதானே."

"அப்படியா? அந்த ஆஸ்பத்திரியில போய் நீங்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பாருங்க. அதுக்கப்புறம் என்கிட்ட வீல்சேரைக்கூடத் தள்ளக் குடுக்க மாட்டாங்க. ஒரு வார்த்தையாம். அவர் கை என் தோள்ல விழுந்துச்சுங்க. நான் பயப்படல, சொன்னதைச் செஞ்சேன். நீங்க ரெண்டு பேரும் சொல்லிக்குடுத்ததைத்தான் செஞ்சேன்."

மாமியார் ஒரு தலையணை உறையை உதறினார். "இவன் சின்ன வயசுலயே இப்படித்தான். ஜன்னல் கண்ணாடியை உடைச்சிட்டு, காத்துல உடைஞ்சு போச்சும்பான்."

"அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரு."

"நான் சும்மாதானே துணி மடிச்சிக்கிட்டு இருக்கேன். யாருடா உன்னை என்ன சொன்னா?"

அவர் குளிக்கப் போய்விட்டார். பதில் சொல்ல முடியாத போதெல்லாம் குளிக்கப் போவது அவர் வழக்கம். அன்றைக்கு வெகு நேரம் குளித்தார்.

மறுநாள் அவள் நெற்றிக் கட்டோடு கழகத்துக்குப் போனாள். பறக்க அனுமதி கிடையாது, கேன்டீன் பெஞ்சில் உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. விமானத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்த பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். முதலில் மாட்டியவர் பல் டாக்டர்.

"அக்கா, நான் வந்து, அன்னைக்கு..." என்று மென்று விழுங்கினார்.

"நான் அதைப் பத்தி எதுவும் கேக்கல டாக்டர். எனக்காகப் போய்ப் பேசுங்கன்னும் சொல்லல. மேல போனதும் அவர் தட்டினா கையை எடுக்காதீங்க. வாயால சொல்லுங்க சார்னு கேளுங்க. அவர் சொன்னதும் எடுங்க. அவ்வளவுதான்."

"திட்டுவாரே."

"ஊர்ல எல்லார் வாயையும் திறக்க வைக்கறீங்க, இவர் ஒருத்தர் வாயைத் திறக்க வைக்க முடியாதா உங்களால?"

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தாரே தவிர அன்றைக்கு அவருக்குத் துணிச்சல் வரவில்லை. துணிச்சல் வந்தது காலேஜ்காரிக்குத்தான். அடுத்த நாள் விமானத்திலிருந்து இறங்கி நேராக பெஞ்சுக்கு வந்து, அக்காவின் டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

"தட்டினார்க்கா. நான் விடல. வாயால சொல்லுங்க சார்னேன். என்னை முறைச்சுட்டு மறுபடி ஓங்கித் தட்டினார். மறுபடியும் அதையே சொன்னேன். கடைசியில 'கண்ட்ரோல் என்கிட்ட'ன்னு கத்தினார் பாருங்க, என் காதே போச்சு."

"நீ என்ன சொன்னே?"

"கண்ட்ரோல் உங்ககிட்டன்னு மரியாதையா சொல்லிட்டுக் குடுத்தேன்."

அது போதுமானதாக இருந்தது. சின்னப் பெண்ணே செய்துவிட்டாள் என்று தெரிந்ததும் பல் டாக்டருக்கு ரோஷம் வந்தது. அவர் செய்ததும் மற்றவர்களுக்கு வந்தது. விசாரணையில் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் மேலே போனதும் கேப்டனை வாயைத் திறக்கச் சொன்னார்கள். கேப்டனுக்கு அது தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவரை யாரும் எதுவும் செய்யச் சொன்னதில்லை. அவள் புருஷனைக் கூப்பிட்டு, "உன் பொண்டாட்டியை அடக்கி வை," என்றாராம். புருஷன் என்ன பதில் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

விசாரணையை முடிப்பதற்காக அதிகாரி மறுபடி வந்தார். இந்தத் தடவை எல்லாரையும் ஒன்றாக வகுப்பறையில் உட்கார வைத்தார். கரும்பலகையில் யாரோ பாதி அழித்த ஓடுபாதைப் படம் ஒன்றும், அதன் குறுக்கே காற்றைக் காட்டும் அம்புக்குறிகளும் இருந்தன. வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா, இல்லாவிட்டால் கேப்டனின் அறிக்கையை ஏற்றுக்கொண்டு முடித்துவிடுவேன் என்றார்.

"நான் பயத்துல விடல சார். தட்டினதால விட்டேன். திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லுவேன்," என்றாள் அவள்.

கேப்டன் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"முதல்ல இந்தம்மாவைக் கழகத்தை விட்டு வெளிய அனுப்புங்க சார். தினமும் வந்து பெஞ்சுல உக்காந்துக்கிட்டு என் பசங்களை எல்லாம் கெடுத்து வச்சிருக்கு. இப்ப நான் தட்டினா ஒருத்தன் கையை எடுக்க மாட்டேங்கறான். தட்டினா எடுக்கணும்னு இத்தனை வருஷமா நான் பழக்கி வச்சதெல்லாம் நாசமாப் போச்சு."

மூக்குக்குக் கொண்டுபோன கைக்குட்டையை அதிகாரி பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"என்ன பழக்கி வச்சது சார்?"

கேப்டனுக்குத் தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது. முகம் சிவந்துவிட்டது. "அது... ஒரு உற்சாகத்துக்குத் தட்டுறது. நல்லா பண்ணா சபாஷ்னு தட்டிக்குடுக்கறதில்லையா, அந்த மாதிரி."

"சபாஷ்னா எதுக்கு சார் கையை எடுக்கணும்?"

பின்னாலிருந்து யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். கேப்டன் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். எத்தனையோ மோசமான தரையிறக்கங்களைச் சமாளித்தவர் அல்லவா, இதையும் சமாளிக்கப் பார்த்தார்.

"கோவத்துல என்னமோ வாய்ல வந்துடுச்சு. அதையெல்லாம் நீங்க எழுதக் கூடாது. புத்தகத்துல இருக்கறதுதான் இங்க நடக்குது. சந்தேகம் இருந்தா இதோ இருக்காரே, என் இன்ஸ்ட்ரக்டர், அவரையே கேளுங்க. இந்தம்மாவோட வீட்டுக்காரர்தான். அவரே சொல்லட்டும்."

எவ்வளவு தைரியம் பாருங்கள். இவன் எங்கே போய்விடுவான் என்ற தைரியம். எல்லார் தலையும் அவள் புருஷன் பக்கம் திரும்பியது. அவள் திரும்பவில்லை. கெஞ்சுகிற மாதிரி அவரைப் பார்த்துவிடக் கூடாது என்று கரும்பலகையிலிருந்த அம்புக்குறிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"போன தடவை நான் உங்ககிட்ட சொன்னது பொய் சார்," என்றார். "இங்க தட்டித்தான் கத்துக்குடுக்கறோம். அவரும் அப்படித்தான், நானும் அப்படித்தான்."

"டேய்," என்றார் கேப்டன்.

அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "உங்க மனைவிக்காகச் சொல்றீங்களா?"

"மனைவிக்காகச் சொல்றவனா இருந்தா முதல் தடவையே சொல்லியிருப்பேனே சார்." அவர் முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "இது முதல் தடவை நடக்கல. அதான். இவ சேர்றதுக்கு முந்தி, என் ஸ்டூடண்ட் ஒருத்தன். நல்ல உயரத்துல இருந்தோம். சீட்டுக்குப் பின்னால வச்சிருந்த மேப்பை எடுக்கறதுக்காக நான் கையை நீட்டினேன். போற வழியில என் கை அவன் தோள்ல பட்டுடுச்சு. அவன் விட்டுட்டான். நான் மேப்பைத் தேடிக்கிட்டு இருந்தேன். மூக்கு கீழ போனப்புறம்தான் ரெண்டு பேருமே பிடிக்கலைன்னு தெரிஞ்சது. உயரம் இருந்ததால தப்பிச்சோம்."

"அதைப் பத்தி யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"கேப்டன்கிட்ட சொன்னேன். கேன்டீன்ல வச்சு." அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "சிரிச்சோம் சார். ரெண்டு பேரும் டீ குடிச்சிக்கிட்டே சிரிச்சோம்."

இப்போது அவள் திரும்பிப் பார்த்தாள். கேப்டன் மேல் இருந்த கோபமெல்லாம் அப்படியே நின்ற இடத்தில் நின்று இவர் பக்கம் திரும்பியது. அப்படியானால் விபத்து நடந்த நிமிஷமே இவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டபோது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அப்போதே தெரியும். நெற்றியில் தண்ணீர் படாமல் தலைக்கு ஊற்றிவிட்டாரே, அப்போதும் தெரியும். ஒரு வார்த்தைதானே ஒத்துக்கொள் என்று நயமாகப் பேசியபோது எல்லாம் தெரிந்துதான் பேசியிருக்கிறார். நல்ல மனுஷன். வேலை போய்விடும் என்று பயந்த ஆள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள், அதையாவது மன்னித்துத் தொலைக்கலாம் என்றிருந்தாள்.

பல் டாக்டர் கையைத் தூக்கினார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டதாம். காலேஜ்காரிக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு எழுந்தார். அந்த வரி அறிக்கையில் இருக்காது என்றும், அவள் தேர்வுக்குப் போவதில் தடையில்லை என்றும், இரண்டு பயிற்சியாளர்களும் மறு உத்தரவு வரும்வரை யாருக்கும் கற்றுக்கொடுக்கக் கூடாது என்றும், எல்லாவற்றையும் ஒரே மாதிரி மெல்லிய குரலில் சொன்னார். கேப்டன் யாரையும் பார்க்காமல் வெளியே போனார். காலேஜ்காரி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொள்ளட்டும் என்று அவளும் நின்றாள், ஆனால் சந்தோஷம் ஒன்றும் அவளுக்குள் கிளம்பி வரவில்லை.

கார் நிறுத்துகிற இடத்தில் புருஷன் காத்துக்கொண்டிருந்தார். "இனிமே உனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. பெரிய டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிடு," என்றார்.

அவள் காரைத் திறக்கவில்லை. "யாரு அது?"

"எது?"

"மேல கையை விட்டவன்."

"நீ பாத்ததில்ல."

"இப்ப எங்க பறக்கறான்?"

"பறக்கல. அதோட நிறுத்திட்டான். டைல்ஸ் கடை வச்சிருக்கான்."

"ஏன் நிறுத்தினான்?"

அவர் காரின் மேல் படிந்திருந்த தூசியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "பயத்துல கையை விட்டுட்டேன் சார், எனக்கு இது லாயக்கில்லன்னு சொன்னான். அவனே சொல்லிக்கிட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல."

நல்லா வாய்த்தார்கள் எனக்கு, இரண்டு பேர் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"நம்பர் இருக்கா?"

"இருக்கு. வருஷா வருஷம் மெசேஜ் அனுப்புவான். நல்லா இருக்கீங்களா சார்னு."

"நீங்களும் நல்லா இருக்கேன்னு பதில் போடுவீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போன் பண்ணுங்க," என்றாள்.

"இப்பவா? கடையில வேலையா இருப்பான். சாயங்காலமா வீட்டுல இருந்து..."

"இப்ப. என் முன்னாடி. பண்ணிட்டு வண்டியில ஏறுங்க. இல்லன்னா நான் பஸ்ல போறேன், நீங்க எங்க வேணா போங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. போனை எடுத்தார், தேடினார், காதில் வைத்தார். மணி அடிப்பது அவளுக்கும் கேட்டது. பிறகு ஒரு குரல், சந்தோஷத்தில் உரக்கப் பேசியது.

"சார். என்ன சார் அதிசயமா இருக்கு. நல்லா இருக்கீங்களா சார்?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

"ஒண்ணு சொல்லணும்பா," என்றார். "அன்னைக்கு மேல நீ பயந்து விடல. நான் மேப் எடுத்தப்போ என் கை உன் தோள்ல பட்டுடுச்சு. நான் தட்டினதா நெனச்சு நீ விட்டே. தப்பு என்னுதுப்பா. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அந்தப் பக்கம் டைல்ஸ் அறுக்கிற மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரையோ நிறுத்தச் சொன்னார்கள் போல, சத்தம் நின்றது.

"சார்," என்றது அந்தக் குரல், இப்போது மெதுவாக. "இன்னொரு தடவை சொல்லுங்க சார்."